பெட்டியில் மிச்சம் பிடியுங்கள், திரையில் வேண்டாம்

நாமக்கல்லில் லாரி எடுப்பவர்கள் காலங்காலமாகக் கம்பெனியிடம் வாங்கிவந்தது சேசிஸை மட்டும்தான். பாடியை ஊருக்குள் பட்டறையில் கட்டிக்கொள்வார்கள். எந்த லோடு, எந்த ரூட், எத்தனை டன் என்று கணக்குப் பார்த்து, எங்கே இரும்பைக் கூட்ட வேண்டும், எங்கே குறைக்கலாம் என்று முதலாளியே பக்கத்தில் நின்று சொல்வார். எது ஓட்டத்துக்கு உதவும், எது வெறும் பகட்டு என்பதில் அவருக்குக் குழப்பம் வராது. அதே முதலாளி புக்கிங் ஆபீசுக்கு ஒரு கணினி வாங்கப் போனால், கடைக்காரர் காட்டும் முதல் மாடலுக்கே தலையாட்டிவிட்டு வருகிறார். மிஞ்சிப் போனால் ‘ஐ5-ஆ, ஐ7-ஆ?’ என்று ஒரு கேள்வி. லாரியில் காட்டும் சூட்டிகை கணினியில் காணாமல் போவதற்குக் காரணம் உண்டு. பெட்டிக்குள் நடப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியாத இடத்தில் விலையே தரத்துக்குச் சாட்சியாகிவிடுகிறது.

சேலம், நாமக்கல் சமவெளியில் கடை, ஆபீஸ், வீட்டு மேசை ஆகியவற்றில் அன்றாடம் நடக்கும் வேலைக்குப் புத்தம் புதிய பெட்டி தேவையே இல்லை. பெரிய கம்பெனிகள் சில ஆண்டுகள் ஓட்டிவிட்டுக் கழித்த சிறிய டெஸ்க்டாப் ஒன்று போதும். ஆனால் அது இன்டெல் எட்டாம் தலைமுறையாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருக்க வேண்டும். அதில் மிச்சமாகும் பணத்தைத் திரையிலும் கீபோர்டிலும் யுபிஎஸ்ஸிலும் பேக்கப்பிலும் போட வேண்டும். நம் ஊர் வழக்கம் இதற்கு நேர்மாறு. பெட்டிக்கு நாற்பதாயிரம் எண்ணிக் கொடுத்துவிட்டு, ‘மானிட்டர் இருக்கறதுல சின்னதா ஒண்ணு போடுங்க’ என்பார்கள். கீபோர்டும் மவுஸும் இலவசமாக வரும் ‘காம்போ’. யுபிஎஸ் அடுத்த மாதம். பேக்கப் என்ற பேச்சே எழாது. இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

முதலில் வேலை என்ன என்று பார்ப்போம். 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தது. 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் கட்டாயமானது. 2023 ஆகஸ்ட் 1 முதல் ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய நிறுவனங்கள் இ-இன்வாய்ஸ் போட்டாக வேண்டும். இந்த மூன்று தேதிகளும்தான் இந்தப் பகுதியின் சிறு தொழில்களைக் கணினி முன்னால் உட்கார வைத்தன. பள்ளிபாளையத்து விசைத்தறிக்காரர், ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைக்காரர், திருச்செங்கோட்டு ரிக் வண்டி முதலாளி, செவ்வாய்ப்பேட்டை மண்டிக்காரர், நாமக்கல் கோழிப்பண்ணையின் தீவன ஆலை மேலாளர் என்று யார் மேசையை எடுத்துக்கொண்டாலும் நடக்கும் வேலை ஏறக்குறைய ஒன்றே. டேலியில் வரவு செலவு, பிரவுசரில் ஜிஎஸ்டி தளமும் வங்கித் தளமும், எக்செல்லில் ஒரு பட்டியல், வாட்ஸ்அப் வெப்பில் பார்ட்டிக்கு அனுப்ப ஒரு பிடிஎஃப், பிரிண்ட். வீட்டு மேசையில் பிள்ளையின் பாடக் காணொளியும் விண்ணப்பப் படிவங்களும் சேர்ந்துகொள்ளும். எல்லாமே எழுத்தும் எண்ணும். மனிதன் ஒரு எண்ணைத் தட்டி முடித்து அடுத்த எண்ணைத் தட்டுவதற்குள் பிராசஸர் கோடிக்கணக்கான கணக்குகளைப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறது. இந்த வேலையில் ஐ7 வேகமாகக் காத்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

‘அப்படியானால் என் பழைய கணினி ஏன் இப்படித் திணறுகிறது?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பெரும்பாலும் பழி பிராசஸர் மேல் விழுகிறது. குற்றவாளி ஹார்டு டிஸ்க். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டின் மேல் ஒரு முள் நகர்ந்து நகர்ந்து தகவலைத் தேடுகிறது. எவ்வளவு விரட்டினாலும் ஒரு விநாடியில் நூறு இடங்களுக்குச் சுற்றுப்பட்டுதான் அதனால் தாவித் தேட முடியும். விண்டோஸ் எழுந்து உட்காருவதற்கே ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைத் தொட்டாக வேண்டும். சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி, அதே ஒரு விநாடியில் பல்லாயிரம் இடங்களைத் தொட்டுவிடும். ஐந்து நிமிடம் கழித்து எழும் கணினி எஸ்எஸ்டி போட்டதும் அரை நிமிடத்தில் எழுகிறது என்றால் அதில் மாயம் எதுவும் இல்லை. அடுத்த குற்றவாளி ரேம். 4 ஜிபி ரேமில் விண்டோஸும் நாலைந்து டேப் திறந்த குரோமும் சேர்ந்தாலே இடம் நிரம்பிவிடுகிறது. நிரம்பி வழிவதை டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கும்போது இரண்டு குற்றவாளிகளும் கைகோத்துக்கொள்கிறார்கள். 8 ஜிபி குறைந்தபட்சம், 16 இருந்தால் நிம்மதி. ஆக, எஸ்எஸ்டி போட்ட பழைய ஐ5, ஹார்டு டிஸ்க்கோடு வரும் புது ஐ7-ஐ அன்றாட வேலையில் தோற்கடிக்கும். இன்றைக்கும் ‘1 டிபி ஹார்டு டிஸ்க் சார்’ என்று பெருமையாகச் சொல்லி விற்கும் கடை இருந்தால், அந்தக் கடையின் படியிலிருந்து இறங்கிவிடலாம்.

பழையதே போதும் என்றால் எவ்வளவு பழையது என்பதற்கு ஒரு கோடு உண்டு. அந்தக் கோட்டைக் கிழித்தது மைக்ரோசாஃப்ட். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் முடிந்தன. வீட்டுப் பயனாளிகளுக்கென்று ஒரு நீட்டிப்புத் திட்டம் வைத்தார்கள். அதுவும் 2026 அக்டோபர் 13 வரைதான். 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11-ஓ, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், சில விதிவிலக்குகளைத் தவிர எட்டாம் தலைமுறை இன்டெல்லோ ரைசன் 2000 வரிசையோ அதற்கு மேலோ இருந்தால்தான் முறைப்படி ஏறும். எட்டாம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் சந்தைக்கு வந்தது 2017 அக்டோபரில். ஆகவே ஆறாம், ஏழாம் தலைமுறைப் பெட்டிகள் கடைகளில் மலிவாகக் குவிந்துகிடப்பதற்குக் காரணம் அவை கெட்டுப்போனதல்ல. இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பதுதான். ‘அதெல்லாம் ஏத்திடலாம் சார், ஒரு ட்ரிக் இருக்கு’ என்பார் கடைக்காரர். ஏற்றலாம், உண்மைதான். அப்படி ஏற்றியதற்குத் திருத்தங்கள் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. நெட் பேங்கிங்கும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் உட்காரும் கணினியில் அந்த ட்ரிக்கை வைத்துக்கொண்டு இரண்டாயிரம், மூவாயிரம் மிச்சம் பிடிப்பது புத்திசாலித்தனம் ஆகாது.

இந்தப் பெட்டிகள் எங்கிருந்து வருகின்றன? பெங்களூரிலும் சென்னையிலும் உள்ள மென்பொருள் நிறுவனங்களும் கால் சென்டர்களும் வங்கிகளும் கணினிகளைப் பெரும்பாலும் குத்தகைக்கு எடுக்கின்றன. மூன்று, நான்கு ஆண்டுக் கெடு முடிந்ததும் நூற்றுக்கணக்கில் மொத்தமாகக் கழிக்கின்றன. டெல் ஆப்டிபிளக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் ஆகியவைதான் அதிகம். வீட்டு உபயோகத்துக்கென்று விற்கும் மாடல்கள் வேறு, இவை வேறு. நாள் முழுக்க ஓடவும், ஸ்க்ரூடிரைவரே இல்லாமல் கழற்றி மாட்டவும் செய்யப்பட்டவை. ஏசி அறையில் வாழ்ந்தவை. இதே வரிசைகளில் ஒரு தடித்த புத்தகம் அளவே உள்ள குட்டி மாடல்களும் உண்டு. ‘டைனி’, ‘மைக்ரோ’, ‘மினி’ என்று கம்பெனிக்கு ஒரு பெயர். ஐ5-8500டி பிராசஸர், 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி உள்ள குட்டிப் பெட்டி, அதே வேலையைச் செய்யும் புதியதன் விலையில் பாதியை ஒட்டிக் கிடைக்கிறது. ஆறு கோர் உள்ள பிராசஸர் அது. மேலே சொன்ன வேலை எதற்கும் அது மூச்சு வாங்காது.

வேறொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 2025 பிற்பகுதியிலிருந்து ரேம் விலை உலகெங்கும் எகிறியது. செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் நினைவகச் சில்லுகளை விழுங்குகின்றன. உற்பத்தியாளர்களும் லாபம் அதிகமுள்ள அந்தப் பக்கமே சாய்கிறார்கள். பொதுமக்களுக்கு விற்றுவந்த ‘குரூஷியல்’ வணிகத்தை விட்டே விலகுவதாக மைக்ரான் நிறுவனம் 2025 டிசம்பரில் அறிவித்தது. அதாவது, ‘இப்போதைக்கு 4 ஜிபி போடுங்க, பிறகு ஏத்திக்கலாம்’ என்ற பழைய சிக்கனம் இனி வேலைக்காகாது. பிறகு ஏற்றும்போது பெட்டியின் விலையில் பாதியைக் கேட்பார்கள். ரேம் உள்ளேயே இருக்கும் பழைய பெட்டிக்கு இதனால் மதிப்புக் கூடுகிறது. வாங்கும்போதே 16 ஜிபி உள்ளதற்கு விலை கேட்டுப் பாருங்கள். 8 ஜிபிதான் என்றால் அது ஒரே குச்சியாக இருக்கிறதா, பக்கத்தில் ஒரு ஸ்லாட் காலியா என்று திறந்து காட்டச் சொல்லுங்கள்.

இனி மிச்சமான பணம். 24 அங்குலத் திரையின் பரப்பு, 15.6 அங்குல லேப்டாப் திரையைப் போல இரண்டே கால் மடங்குக்கும் அதிகம். டேலியில் லெட்ஜரையும், பக்கத்தில் பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் கணக்கரைக் கேட்டால் இந்த இரண்டே காலின் அருமை தெரியும். பிராசஸரை மாற்றி அவருக்கு மிச்சமாவது விநாடிகள். திரையை மாற்றினால் குறைவது, மேலும் கீழும் தாவித் தாவிப் பார்ப்பதில் வரும் பிழைகள். ஐபிஎஸ் வகைத் திரையாக, 1920-க்கு 1080 புள்ளிகள் உள்ளதாக, உயரத்தை ஏற்றி இறக்கும் தாங்கியோடு இருந்தால் நல்லது. தாங்கி இல்லையென்றால் பழைய ரசீதுப் புத்தகங்களை அடுக்கி அதன் மேல் வைத்தாலும் குற்றமில்லை. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வர வேண்டும், திரை ஒரு கை நீளத் தொலைவில் இருக்க வேண்டும், விஷயம் அவ்வளவே. நல்ல திரை பத்து ஆண்டு உழைக்கும். அதற்குள் பெட்டி இரண்டு முறை மாறியிருக்கும். நீண்ட நாள் உழைப்பதற்கு அதிகம் கொடுப்பதும், சீக்கிரம் மாறுவதற்குக் குறைவாகக் கொடுப்பதும் எந்த மளிகைக் கடைக்காரருக்கும் தெரிந்த கணக்கு.

கீபோர்டைப் பற்றிப் பேசினால் சிரிக்கிறார்கள். ஆனால் ரயில்வே கவுன்ட்டரிலும் வங்கிகளிலும் டிவிஎஸ் கோல்டு கீபோர்டு ஆண்டுக்கணக்கில் ‘டக் டக்’ என்று அடி வாங்கிக்கொண்டு உழைத்ததை இந்தத் தலைமுறை பார்த்திருக்கிறது. ஒவ்வொரு விசைக்கும் தனி ஸ்பிரிங் உள்ள மெக்கானிக்கல் கீபோர்டு அது. காம்போவில் வரும் ரப்பர் கீபோர்டுகள் ஐந்து வாங்கும் காசுக்கு ஒன்று வரலாம். ஐந்தும் தேய்ந்த பிறகும் அது இருக்கும். வலப்பக்கம் எண் விசைகள் தனியாக இருப்பதும் முக்கியம். நாளெல்லாம் வவுச்சர் போடும் கை அந்தப் பதினேழு விசைகளில்தான் வாழ்கிறது. 14 அங்குல லேப்டாப்களில் பெரும்பாலும் அந்தப் பகுதியே கிடையாது. தமிழில் தட்ட வேண்டுமென்றால் தமிழ்99 விசைமுறை, 2019 மே மாதத்து விண்டோஸ் 10 புதுப்பிப்பிலிருந்து விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது; தனி மென்பொருள் தேட வேண்டாம்.

தூசி பற்றி விளம்பரங்கள் பேசுவதில்லை. பெங்களூர் ஏசி அறைக்கு அந்தக் கவலை இல்லை. குமாரபாளையம் தறிக்கூடத்தை ஒட்டினாற்போல் இருக்கும் ஆபீசுக்கு உண்டு. தறியில் பறக்கும் பஞ்சு, ஜவ்வரிசி ஆலையில் மிதக்கும் மாவு, தீவன ஆலையின் மக்காச்சோளத் தூள் என்று இந்தச் சமவெளியின் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு தூசி இருக்கிறது. கணினிக்குள் காற்றை இழுக்கும் விசிறி இதையும் சேர்த்தே இழுக்கிறது. வெப்பம் கடத்தும் அலுமினிய மடிப்புகளில் பஞ்சு பாய் விரித்ததுபோல் படிந்துவிட்டால் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதோடு சித்திரை வெயிலும் சேர்ந்தால், இரண்டு மடங்கு விலை கொடுத்து வாங்கிய வேகம் உறைக்குள்ளேயே கிடக்கும். அதிக வாட் இழுக்கும் பிராசஸருக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். குட்டிப் பெட்டிகளில் உள்ள ‘டி’ வகைப் பிராசஸர்கள் 35 வாட் அளவுக்கு வடிவமைக்கப்பட்டவை. ஓய்வில் இருக்கும்போது முழுப் பெட்டியுமே அதைவிடக் குறைவாகத்தான் இழுக்கும். குட்டிப் பெட்டியின் விசிறியும் சிறியது, சீக்கிரம் அடைத்துக்கொள்ளும் என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் ஒரே ஒரு திருகைக் கழற்றினால் பல மாடல்கள் திறந்துகொள்ளும்; இரண்டு மாதத்துக்கு ஒருமுறை புளோயரால் ஊதிவிடலாம். லேப்டாப்பைத் திறந்து ஊத ஆள் தேட வேண்டும். எதை வாங்கினாலும் தரையில் வைக்காதீர்கள். தூசி முதலில் இறங்குமிடம் அதுதான்.

மின்சாரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பழைய பெரிய டவருக்கும் குட்டிப் பெட்டிக்கும் 40 வாட் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 10 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்றால் 120 யூனிட். வணிக இணைப்பில் யூனிட் பத்து ரூபாயை ஒட்டி வரும் இடத்தில் ஆண்டுக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய். பெரிய தொகை இல்லை, ஆனால் ஐந்தாண்டில் அது ஒரு யுபிஎஸ்ஸும் ஒரு நல்ல கீபோர்டும். இதைவிடப் பெரிய லாபம் மின்தடையின்போது. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று உள்ள சாதாரண 600 விஏ யுபிஎஸ், குட்டிப் பெட்டியையும் திரையையும் வைஃபை ரவுட்டரையும் சேர்த்து அரை மணி நேரம் இழுத்துவிடும். அதே யுபிஎஸ்ஸில் ஒரு பெரிய டவரை மாட்டினால் சேவ் செய்து அணைக்கத்தான் நேரம் இருக்கும்.

‘இவ்வளவு சுற்றி வளைப்பதற்கு ஒரு லேப்டாப்பை வாங்கிவிட்டுப் போகலாமே, மின்சாரம் போனாலும் ஓடும், தூக்கிக்கொண்டும் போகலாம்’ என்பது வலுவான ஆட்சேபம். தினமும் ஊர் சுற்றுகிறவருக்கு, விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு, லேப்டாப்தான் சரி; அதில் வாதம் இல்லை. ஆனால் மேசையை விட்டு நகராத லேப்டாப்கள் நம் ஊரில் எத்தனை என்று சுற்றிப் பாருங்கள். நகராத பொருளுக்கு நகர்வதற்கான விலையைக் கொடுத்திருக்கிறோம். நாள் முழுக்கச் சார்ஜிலேயே கிடந்து பேட்டரி உப்புகிறது. திரை தாழ்ந்திருப்பதால் கழுத்து குனிகிறது. ஒரு விசை போனால் மொத்தக் கீபோர்டையும், சில மாடல்களில் மேல்மூடியையே மாற்ற வேண்டியிருக்கிறது. டெஸ்க்டாப்பில் எது போனாலும் அது மட்டுமே போகும். இந்தப் பகுதிக்கே உரிய வேறொரு சங்கடமும் உண்டு. எடைமேடைகளின் எடைகாட்டிகள் பல இன்னமும் சீரியல் போர்ட் வழியாகத்தான் பேசுகின்றன. கார்பன் நகலோடு லாரி ரசீது அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்களில் பழையவற்றுக்குப் பாரலல் போர்ட் வேண்டும். ஆபீஸ் வகை டெஸ்க்டாப்கள் பலவற்றில் சீரியல் போர்ட் இருக்கிறது, அல்லது அதற்கென்று ஓர் இடம் விடப்பட்டிருக்கிறது. புதிய லேப்டாப்பில் இவை எதுவும் கிடையாது. யுஎஸ்பி மாற்றி ஒன்றைச் செருகிக்கொண்டு அதன் டிரைவரோடு மல்லுக்கட்ட வேண்டும்.

‘பழசு வாங்கினால் ஏமாறத்தான் வேண்டும்’ என்பது அடுத்தது. ஏமாற்று இல்லாத சந்தை இல்லை. ஆனால் இதைச் சோதிப்பது பழைய வண்டியைச் சோதிப்பதைவிடச் சுலபம். கடையிலேயே ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். பயாஸுக்குள் நுழைய முடிகிறதா, அல்லது பழைய கம்பெனியின் பாஸ்வேர்டு பூட்டிக் கிடக்கிறதா என்பது முதல் சோதனை. ‘கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ என்ற இலவச மென்பொருள் எஸ்எஸ்டியின் ஆரோக்கியத்தைச் சதவீதத்தில் காட்டிவிடும். விண்டோஸ் ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா என்று செட்டிங்ஸில் பார்க்க வேண்டும். கம்பெனியில் ஓடிய பெட்டிகளில் பெரும்பாலும் விண்டோஸ் புரோ உரிமம் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும், அதனால் திருட்டு விண்டோஸ் போட வேண்டிய அவசியமே இல்லை. குட்டிப் பெட்டிக்கு அதே கம்பெனியின் அடாப்டர் கொடுக்கிறார்களா என்பதைக் கவனிக்க வேண்டும். மட்டமான அடாப்டரில்தான் இந்தப் பெட்டிகள் பெரும்பாலும் சாகின்றன. ஆறு மாதமாவது வாரன்டியைப் பில்லில் எழுதி வாங்க வேண்டும். வாய்வார்த்தை வாரன்டி கடை வாசல் வரைதான். ஜிஎஸ்டி பதிவுள்ளவர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும்: முழு விலைக்கும் 18 சதவீத வரி போட்டுப் பில் தருகிறாரா, அல்லது பழைய பொருளுக்கான மார்ஜின் முறையில் விற்கிறாரா? இரண்டாவது என்றால் உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியாது. விலையை ஒப்பிடும்போது இதையும் சேர்த்து ஒப்பிடுங்கள்.

கணினியே வேண்டாம், கைப்பேசி போதும் என்கிறவர்களுக்கும் பாதி நியாயம் உண்டு. முட்டை விலை காலையில் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. பணம் யுபிஐயில் போய்விடுகிறது. இ-வே பில்லைக்கூடக் கைப்பேசியில் போட்டுவிடலாம். தகவல் வாங்கவும் அனுப்பவும் கைப்பேசியை மிஞ்ச எதுவும் இல்லை. கணக்கை உருவாக்குவதும் சரிபார்ப்பதும் வேறு வேலை. நூறு வரி உள்ள ஒரு கொள்முதல் பட்டியலைச் சப்ளையர் தாக்கல் செய்ததோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆறு அங்குலத் திரை ஆகாது. ஒரு எண்ணைத் தவறவிட்டால் நோட்டீஸ் வரும்.

லினக்ஸ் போட்டால் இந்த எட்டாம் தலைமுறைக் கவலையும் இல்லையே என்று கேட்பவர்கள், எண்ணிக்கையில் குறைவானாலும், சரியாகத்தான் கேட்கிறார்கள். இந்த மாநிலத்துக்கு லினக்ஸ் புதிதல்ல. 2000-களின் பிற்பகுதியில் தமிழக அரசின் எல்காட் நிறுவனத்தில் நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் அதை முன்னிறுத்தினார். மத்திய அரசின் சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ் அரசு மடிக்கணினிகளில் விண்டோஸோடு சேர்ந்தே வந்தது. பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிகள் ஏறக்குறைய முழுவதுமே கட்டற்ற மென்பொருளில் ஓடுகின்றன. படிக்கும் பிள்ளையின் மேசைக்கு, பிரவுசர் மட்டுமே போதும் என்கிற வீட்டுக்கு, லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்று இன்றைக்கே சரிப்படும்; ஆறாம் தலைமுறைப் பெட்டியே போதும். ஆனால் கடைக்கும் ஆபீசுக்கும் இதை நான் சொல்ல மாட்டேன். டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. லிமிடெட் கம்பெனிகளும் எல்எல்பிகளும் ஜிஎஸ்டி தாக்கலுக்குப் பயன்படுத்த வேண்டிய டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும், ரேகை வைக்கும் கருவியும், உள்ளூர் எடைமேடை மென்பொருளும் விண்டோஸை நம்பியே வருகின்றன. மார்ச் 31-ஆம் தேதி இரவு டோக்கன் வேலை செய்யவில்லையென்றால் ஆடிட்டர் ஆபீசில் யாரும் லினக்ஸைத் திருத்தித் தரப் போவதில்லை.

‘எல்லாம் ஏஐ ஆகிவிட்டது, ஐந்து வருடம் தாங்க வேண்டாமா, புதியதாகவே வாங்கிவிடலாமே’ என்ற பேச்சு இப்போது கடைகளில் அதிகம். சாட்ஜிபிடியோ ஜெமினியோ உங்கள் மேசையில் ஓடவில்லை. எங்கோ ஒரு டேட்டா சென்டரில் ஓடுகிறது. உங்களுக்கு வேண்டியது பிரவுசரும் நல்ல இணைய இணைப்பும்தான். 2024-ல் மைக்ரோசாஃப்ட் அறிமுகப்படுத்திய ‘கோபைலட் பிளஸ்’ வகைக் கணினிகளுக்குத் தனிச் சில்லு தேவை என்பது உண்மை. ஆனால் அதில் கிடைக்கும் எதுவும் பில் போடுவதற்கோ ரிட்டர்ன் தாக்கலுக்கோ இன்று அவசியமில்லை. சரி, மூன்று ஆண்டு கழித்து மைக்ரோசாஃப்ட் இன்னொரு கோடு கிழித்து எட்டாம் தலைமுறையையும் வெளியே தள்ளினால்? அப்போது அந்த மலிவுப் பெட்டியை மட்டும் கழித்துவிட்டு, அன்றைக்கு மலிவாகியிருக்கும் பன்னிரண்டாம் தலைமுறைப் பெட்டியை அதே திரையில் மாட்டிக்கொள்ளலாம். அறுபதாயிரம் கொடுத்து லேப்டாப் வாங்கியவருக்கு அந்த வசதி இல்லை. எதிர்காலத்தைக் கணிக்க முடியாதவர்கள் பணத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாகச் செலவழிப்பதே பாதுகாப்பு.

விதிவிலக்குகளைச் சொல்லிவிட வேண்டும். இளம்பிள்ளையில் சேலை டிசைன் போடுகிறவர், செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக்கு முப்பரிமாண மாதிரி வரைகிறவர், கல்யாண வீடியோ வெட்டுகிறவர் ஆகியோருக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது. அவர்கள் வேலையில் பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் உண்மையாகவே வியர்க்கின்றன. அவர்கள் புதியது வாங்கட்டும்.

பேக்கப்புக்குத் தனி வாதமே தேவையில்லை, சட்டமே வாதிடுகிறது. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குப் புத்தகங்களை ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். எந்த எஸ்எஸ்டியும் முன்னறிவிப்பில்லாமல் ஒரு நாள் செத்துப்போகலாம். புதியதும் சாகும், பழையதும் சாகும். டேலி டேட்டா ஃபோல்டரை வாரம் ஒருமுறை ஒரு வெளி டிஸ்க்கில் ஏற்றி, அந்த டிஸ்க்கைக் கணினியிலிருந்து கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போய்விட வேண்டும். செருகியபடியே விட்டால், வைரஸ் இரண்டையும் சேர்த்தே பூட்டிவிடும். ஒரு வெளி டிஸ்க்கின் விலை, ஐ5-க்கும் ஐ7-க்கும் உள்ள வித்தியாசத்தைவிடக் குறைவு.

தொகையைக் கூட்டிப் பார்ப்போம். விலை மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும்; தோராயமாகச் சொன்னால் குட்டிப் பெட்டிக்குப் பதினைந்திலிருந்து இருபதாயிரம், 24 அங்குலத் திரைக்கு எட்டு, ஒன்பதாயிரம், யுபிஎஸ்ஸுக்கும் கீபோர்டுக்கும் சேர்த்து ஆறாயிரம், வெளி டிஸ்க்குக்கு நாலைந்தாயிரம். நாற்பதாயிரத்துக்குள் மேசை முழுமையாகிவிடுகிறது. அதே நாற்பதாயிரத்தில் புதியது கேட்டால் பெட்டி மட்டுமே வரும், அல்லது ரேமைக் குறைத்துத் தலையில் கட்டிய ஒரு லேப்டாப் வரும்.

பல வீடுகளுக்கு இந்தச் செலவுகூடத் தேவையில்லை. 2011 செப்டம்பரில் தொடங்கி தமிழக அரசு லட்சக்கணக்கான மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினிகளைக் கொடுத்தது. இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ கொடுப்பதாக 2025-26 பட்ஜெட்டில் மீண்டும் அறிவித்தது. ராசிபுரத்திலும் சங்ககிரியிலும் இப்படிப் புதிய மடிக்கணினி கிடைத்த பிள்ளை உள்ள வீட்டில், பெற்றோர் அதன் பக்கத்தில் இன்னொரு கணினிக்கு இஎம்ஐ போடத் தேவையில்லை. எச்டிஎம்ஐ கேபிள் ஒன்று, 24 அங்குலத் திரை ஒன்று, நல்ல கீபோர்டும் மவுஸும் வாங்கிக் கொடுத்தால் அதுவே மேசைக் கணினி. அலமாரியில் தூங்கும் பத்தாண்டுப் பழைய அரசு மடிக்கணினியில் விண்டோஸ் 11 ஏறாது. ஆனால் அதில் ஒரு சின்ன எஸ்எஸ்டியும் லினக்ஸும் போட்டால் தம்பி, தங்கைக்குத் தட்டச்சுப் பழகவும் பாடக் காணொளி பார்க்கவும் இன்னும் சில ஆண்டு வரும். புதிதாகக் கடைக்குப் போகிறவர்கள், ‘ஐ5-ஆ, ஐ7-ஆ’ என்று தொடங்காதீர்கள். எத்தனையாவது தலைமுறை, எஸ்எஸ்டி எத்தனை சதவீதம், ரேம் எத்தனை குச்சி, வாரன்டி எத்தனை மாதம் என்று கேளுங்கள். நான்குக்கும் பதிலைப் பில்லிலேயே எழுதிக் கொடுக்கிற கடையில் வாங்குங்கள்.